நீரஜ் சோப்ரா: நாடாவின் கணக்கும் மேடையின் கணக்கும்

2025 மே 16 அன்று தோஹாவில் மூன்றாவது எறிதலில் நீரஜ் சோப்ராவின் ஈட்டி 90.23 மீட்டரில் இறங்கியது. ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 88.06 எறிந்த 2018ஆம் ஆண்டிலிருந்தே ‘தொண்ணூறு எப்போது?’ என்று அவரைத் துரத்திவந்த கேள்விக்கு அன்று பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைய போட்டியில் அவர் வெல்லவில்லை. கடைசிச் சுற்றில் ஜெர்மனியின் ஜூலியன் வெபர் 91.06 எறிந்து முந்திக்கொண்டார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் தங்கம் வென்ற தூரமோ 87.58தான். தம் வாழ்நாளின் மிக நீண்ட எறிதலுக்கு அவர் பெற்றது இரண்டாமிடம். அதைவிட இரண்டரை மீட்டருக்கும் மேல் குறைந்த எறிதலுக்குக் கிடைத்தது ஒலிம்பிக் தங்கம். அப்படியானால் இந்த வீரரை எதைக்கொண்டு எடைபோடுவது?

நம் ஊடகங்கள் இந்தக் கேள்வியை இரண்டே வழியில் தீர்த்துவைத்தன. வென்ற நாளில் அவர் எக்காலத்துக்கும் மாவீரர். தோற்ற நாளில் தொண்ணூறைத் தாண்டத் தெரியாதவர். இரண்டுமே சோம்பேறித்தனம். ஒரு தடகள வீரரின் வாழ்வை எடைபோட மூன்று கேள்விகளாவது வேண்டும். எவ்வளவு தூரம் எறிந்தார்? முக்கியமான நாளில் எந்த இடத்தில் நின்றார்? எத்தனை காலம் அங்கேயே நின்றார்? இம்மூன்றையும் தனித்தனியே பார்த்த பிறகே தீர்ப்புக்கு வரலாம்.

முதலில் தூரம். ஈட்டியின் ஈர்ப்பு மையம் முன்னே தள்ளப்பட்டுப் புதிய வடிவம் வந்தது 1986இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பழைய ஈட்டியில் 104.80 எறிந்த கிழக்கு ஜெர்மானியர் உவே ஹோன், பின்னாளில் நீரஜுக்கே பயிற்சியாளரானார். புதிய ஈட்டியில் உலக சாதனை இன்றும் செக் நாட்டின் யான் ஜெலெஸ்னி 1996இல் ஜெர்மனியின் யேனா நகரில் எறிந்த 98.48தான். அடுத்தது ஜோஹன்னஸ் வெட்டரின் 97.76. அர்ஷத் நதீமின் உச்சம் 92.97, ஆண்டர்சன் பீட்டர்ஸின் உச்சம் 93.07. இந்த வரிசையில் 90.23 எடுபடாது. தூரம் மட்டுமே அளவுகோல் என்றால் நீரஜ் தம் தலைமுறையின் முதல் மூவரில்கூட வரமாட்டார். இதைச் சுற்றிவளைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால் தூரம் மட்டும் போதுமா என்பதற்கு வெட்டரே சாட்சி. 97.76 எறிந்த அந்தக் கை, 2017 உலக சாம்பியன் பட்டம் ஒன்றை வென்றது. ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. எதிர்ப்பக்கத்தில் டிரினிடாடின் கெஷார்ன் வால்காட். 2012 லண்டனில் அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றது 84.58 மீட்டருக்கு, 2025இல் உலக சாம்பியன் ஆனது 88.16 மீட்டருக்கு. அந்த இரண்டு பெரிய நாள்களிலும் அவர் தொண்ணூறை எட்டவில்லை. ஆறு எறிதல், அன்றைய காற்று, அன்றைய ஓடுபாதை, அன்று எதிரே நிற்பவர்கள் என்ற எல்லைக்குள் நடக்கும் விளையாட்டு இது. தூரம் என்பது வீரர் கையிருப்பாக வைத்திருக்கும் பலம். அந்தக் கையிருப்பைத் தேவைப்பட்ட நாளில் எடுத்துச் செலவழிக்க முடிந்ததா என்பதே அடுத்த கேள்வி.

நீரஜுக்கு அது முடிந்த நாள் 2021 ஆகஸ்ட் 7. தகுதிச்சுற்றில் ஒரே எறிதலில் 86.65 எறிந்து இறுதிக்கு வந்திருந்தார். இறுதியின் முதல் எறிதல் 87.03. இரண்டாவது எறிதலில் ஈட்டி கையை விட்டதும், அது இறங்குவதற்கு முன்பே திரும்பி நின்று இரு கைகளையும் உயர்த்திவிட்டார். 87.58. அதன்பின் அவர் எறிந்தது 76.79, இரண்டு ஃபவுல், 84.24. முதல் இரண்டு எறிதல்களில் காரியம் முடிந்துவிட்டது; மற்ற நான்கும் கணக்குக்கு மட்டுமே. வெள்ளி வென்ற யாகுப் வாட்லெய்க் 86.67இல் நின்றார். அந்த ஆண்டு தொண்ணூறுகளில் சரளமாக எறிந்துகொண்டிருந்த வெட்டர், ஓடுபாதையில் முன்கால் நிலைகொள்ளாமல் 82.52 மட்டுமே எறிந்து முதல் எட்டுப் பேருக்குள்கூட வரவில்லை.

‘அதிர்ஷ்டத் தங்கம்’ என்ற முணுமுணுப்பு இங்கேதான் தொடங்குகிறது. அதைப் பழைய ஒலிம்பிக் முடிவுகளோடு உரசிப் பார்க்கலாம். 87.58 என்ற தூரம் 2004 ஏதென்ஸிலும் 2012 லண்டனிலும் தங்கமாகியிருக்கும்; 2008 பெய்ஜிங்கில் வெள்ளி; 2016 ரியோவில் வெண்கலம். நான்கிலும் பதக்கம் உறுதி, பாதியில்தான் தங்கம். காற்றும் மைதானமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் இதை நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனால் தூரத்தின் தரம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. பதக்க மேடைக்கு ஐயமற்ற தகுதி, தங்கத்துக்கு நாள் ஒத்துழைக்க வேண்டும். முணுமுணுப்பில் பாதி உண்மை உண்டு.

இன்னும் கூர்மையான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. நம் ஊர் விமர்சகர்கள் அதை ஏனோ எடுப்பதில்லை. 2019, 2022 என இரண்டு முறை உலக சாம்பியனான கிரெனடாவின் பீட்டர்ஸ், டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியிலும் தகுதிச்சுற்றிலேயே வெளியேறினார். நீரஜின் இரு பெரிய தங்கங்களும் அந்த இரு ஊர்களில் வந்தவை. பீட்டர்ஸ் இறுதியில் நின்ற 2022 ஒரிகான் உலகப் போட்டியிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் நீரஜுக்குக் கிடைத்தது வெள்ளி. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்குப் பொருந்திவருகிறது இந்தக் கணக்கு.

இதற்கான பதிலும் ஆவணத்திலேயே இருக்கிறது. தகுதிச்சுற்று என்பது போட்டியின் வாசற்படி மட்டுமல்ல, போட்டியின் ஒரு பகுதி. மூன்றே எறிதல், காலை வெயில், காலி இருக்கைகள், பதற்றம். பெரிய பெயர்கள் பல அங்கே மண்ணைக் கவ்வியிருக்கின்றன. நீரஜும் 2017 லண்டன் உலகப் போட்டியில் 82.26 எறிந்து அங்கேயே நின்றுபோனவர்தான். அதன்பின் டோக்கியோவில் 86.65, ஒரிகானில் 88.39, புடாபெஸ்டில் 88.77, பாரிஸில் 89.34, மீண்டும் 2025 டோக்கியோவில் 84.85. ஐந்து முறையும் முதல் எறிதலிலேயே தகுதி பெற்று, மற்ற இரண்டையும் எறியாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் அவர். பீட்டர்ஸ் வராதது நீரஜின் அதிர்ஷ்டம் என்றால், அந்த ஐந்து முறையும் தான் வராமல் போகாதது நீரஜின் திறமை. குற்றச்சாட்டு இதனால் மறைந்துவிடவில்லை. அதன் எடை பாதியாகிறது.

அடுத்து, அவர் எப்படி வெல்கிறார், எப்படித் தோற்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். 2021 முதல் 2024 வரை நடந்த நான்கு உலகளாவிய இறுதிகளையும் சுற்றுவாரியாகப் படித்தால் ஒன்று துலங்குகிறது. நான்கிலும், இரண்டாம் சுற்று முடிந்தபோது முன்னணியில் இருந்தவரே கடைசியில் தங்கம் வென்றார். டோக்கியோவிலும் புடாபெஸ்டிலும் அந்த ஆள் நீரஜ். புடாபெஸ்டில் முதல் எறிதல் ஃபவுல், இரண்டாவது 88.17, அத்தோடு முடிந்தது. ஒரிகானில் பீட்டர்ஸ் முதல் எறிதலிலேயே 90.21 போட்டுவிட்டார். பாரிஸில் அர்ஷத் இரண்டாவது எறிதலில் 92.97. முதலில் பேட்டிங் செய்து பெரிய ஸ்கோர் போட்டு எதிரணியைத் திணறடிக்கும் அணி போன்றவர் நீரஜ். துரத்தி வெல்வது அவர் ஆட்டமல்ல.

துரத்தவே தெரியாதவர் என்று சொன்னால் அது பொய். ஒரிகானில் மூன்று சுற்று முடிவில் நான்காமிடத்தில் இருந்தவர், நான்காவது எறிதலில் 88.13 எறிந்து வெள்ளிக்கு ஏறினார். வாட்லெய்க்கை முந்தியது வெறும் 4 சென்டிமீட்டரில். 2023 லோசான் டயமண்ட் லீக் போட்டியில் ஐந்தாவது எறிதலில் 87.66 எறிந்து வென்றார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில், சக இந்தியர் கிஷோர் ஜெனா 86.77 எறிந்து முன்னே போனபோது, அடுத்த சுற்றிலேயே 88.88 எறிந்து பதில் சொன்னார். 2024 லோசானில் கடைசி எறிதலில் 89.49 எறிந்து இரண்டாமிடத்துக்குத் தாவினார். ஆக, இடத்தை உயர்த்திக்கொள்ளும் ஆற்றல் இருக்கிறது. ஆனால் எதிராளி தொண்ணூறைத் தாண்டிப் போட்ட பிறகு, ஒலிம்பிக்கிலோ உலகப் போட்டியிலோ அவரைப் பிடித்து முந்தியதாக ஒரு பதிவுகூட இல்லை. ‘தொண்ணூறு’ என்ற பழைய குற்றச்சாட்டு இந்த வடிவில் கேட்டால்தான் பொருள்படுகிறது. தொண்ணூறு எறிந்தாரா என்பதல்ல கேள்வி. எதிராளி தொண்ணூறு எறிந்த அன்று எறிந்தாரா என்பதே.

பாரிஸ் இறுதியை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். அதுவரை நேருக்கு நேர் எந்தப் போட்டியிலும் நீரஜை முந்தியிராத அர்ஷத், ஒலிம்பிக் சாதனையான 90.57ஐ இரண்டு மீட்டருக்கும் மேல் தகர்த்து 92.97 எறிந்தார். அதே சுற்றில் நீரஜ் 89.45 எறிந்தார். அதுவரையிலான அவர் வாழ்வில் 89.94க்கு அடுத்த மிகச் சிறந்த எறிதல் அது. அட்லாண்டா, ஏதென்ஸ், லண்டன், டோக்கியோ ஆகிய நான்கு ஒலிம்பிக்கிலும் அது தங்கமாகியிருக்கும். அந்த ஒரு எறிதலைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. குறை மற்ற ஐந்தில் இருக்கிறது: ஐந்தும் ஃபவுல். எறிந்தது குறைவு என்று பட்டால் வீரர்களே வேண்டுமென்று கோட்டைத் தாண்டிவிடுவது உண்டு. எனவே ஐந்து ஃபவுலையும் ஐந்து பிழை என்று கூட்டிவிடக் கூடாது. ஆனாலும் தங்கத்துக்குத் தேவையான மூன்றரை மீட்டரைத் தேடிய நான்கு முயற்சிகளில் ஒன்றுகூட ஏட்டில் பதிவாகும் எறிதலாக அமையவில்லை. அர்ஷத்தோ கடைசி எறிதலில் மறுபடி 91.79 எறிந்தார். அன்று தோற்றது மனமா, உடலா?

உடல் என்றே சான்றுகள் சொல்கின்றன. ஈட்டி எறிதல் கையால் நடப்பதுபோல் தெரிந்தாலும் காலால் நடக்கிறது. வலக்கை வீரர் ஓடிவந்து இடக்காலை நேராக ஊன்றி நிற்கும் கணத்தில், ஓட்டத்தின் வேகம் முழுவதும் இடுப்பு வழியாக மேலேறி, தோளுக்குப் போய், கையில் சாட்டையாகச் சுண்டுகிறது. அந்த ஊன்றல் எவ்வளவு உறுதியோ அவ்வளவு தூரம். நீரஜின் எறிதலில் ஊன்றிய காலைத் தாண்டி உடல் முன்னே பாய்கிறது; ஈட்டி போன மறுகணம் இரு உள்ளங்கைகளும் தரையில் பதிய அவர் கோட்டருகே விழுவதைப் பல முறை பார்த்திருக்கிறோம். அபாரமான கைவேகமும் நெகிழ்வும் கொண்ட உடலுக்கு அது வாய்த்த பாணி. ஆனால் தொடையிடுக்குத் தசை அதற்கு விலை கொடுக்கிறது. 2019இல் முழங்கை அறுவை. 2022இல் ஒரிகானில் தொடையிடுக்குக் காயம், அதனால் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி போயிற்று. 2024 முழுக்க அதே வலி. செப்டம்பரில் இடக்கை எலும்பு முறிவு. எறியும்போது கவனத்தின் பெரும்பங்கு காயம் படாமலிருப்பதில்தான் போகிறது என்று பாரிஸுக்குப் பின் அவரே சொன்னார். கவனத்தைப் பங்குபோட்டுக்கொண்டு 89.45 எறிந்தது வியப்பு. அப்படிப் பங்குபோட்டுக்கொண்டு 92.97ஐத் துரத்த முடியாது என்பதும் வெளிப்படை.

எதிர்த்தரப்புக்கு இங்கே ஒரு நியாயம் உண்டு. காயமில்லாத ஈட்டி வீரர் யாரும் கிடையாது. அர்ஷத்தும் முழங்கை, முழங்கால் சிகிச்சைகளைக் கடந்து வந்தவரே. ஜெலெஸ்னியின் தோள் 1998இல் அவர் வாழ்வையே முடித்துவிடும் நிலைக்குப் போனது. அவர் திரும்பி வந்து 2000 சிட்னியில் மூன்றாவது ஒலிம்பிக் தங்கமும், 2001இல் 92.80 எறிந்து மூன்றாவது உலகப் பட்டமும் வென்றார். காயம் விளக்கமாகலாம், விலக்காகாது.

மூன்றாவது கேள்வி, நிலைத்து நின்ற காலம். நீரஜின் வழக்கு மிக வலுவாக இருப்பது இங்கேதான். டோக்கியோ தங்கம், ஒரிகான் வெள்ளி, புடாபெஸ்ட் தங்கம், பாரிஸ் வெள்ளி. நான்கு ஆண்டுகளில் நான்கு உலகளாவிய இறுதி, ஒன்றிலும் இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. உலக சாம்பியன்ஷிப் தொடங்கிய 1983க்குப் பிறகு ஆண்கள் ஈட்டியில் இதற்கு நிகராகச் சொல்ல இரண்டே பெயர்கள்தாம். ஜெலெஸ்னி 1992, 1993, 1995, 1996 என நான்கிலும் தங்கம். நார்வேயின் ஆந்திரியாஸ் தோர்கில்ட்சன் 2004 முதல் 2009 வரை ஐந்து இறுதிகளில் மூன்று தங்கம், இரண்டு வெள்ளி. ஒரே நாள் காற்று தலைகீழாக்கிவிடும் விளையாட்டில், உலக சாதனைக்கு அருகே போனவர்கள் அடுத்த ஆண்டே காணாமல் போகும் விளையாட்டில், இந்தத் தொடர்ச்சி அரிதான பண்டம். ஒலிம்பிக் தங்கத்தையும் உலகப் பட்டத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்களே இந்தப் பிரிவில் நான்கு பேர்: ஜெலெஸ்னி, தோர்கில்ட்சன், நீரஜ், இப்போது வால்காட்.

டயமண்ட் லீக் இந்தப் பெருமையைச் சற்றுக் குறைக்கிறது. 2022 சூரிக் இறுதியில் 88.44 எறிந்து கோப்பை வென்றார். அடுத்த மூன்று இறுதியிலும் இரண்டாமிடம். 2023இல் யூஜினில் 83.80 எறிந்து வாட்லெய்க்கின் 84.24க்குத் தோற்றார், வெல்லக்கூடிய நாள் அது. 2024 பிரஸ்ஸல்ஸில் 87.86, பீட்டர்ஸ் 87.87. முறிந்த கையோடு ஒரு சென்டிமீட்டரில் தோற்றதைத் தோல்வி என்று எழுதவே கை கூசும். 2025 சூரிக்கில் 85.01, வெபர் 91.51. ஆறரை மீட்டர் இடைவெளியை எந்தச் சமாதானமும் நிரப்பாது. இரண்டாமிடம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு கதைகள். இந்தியச் செய்திகள் மூன்றையும் ‘தொடர்ந்து முதல் இரண்டு இடங்களுக்குள்’ என்ற ஒரே வரியில் அடக்கிவிட்டன. அந்தக் கடைசி இடைவெளி சொன்ன எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை.

மூன்றே வாரத்தில் அந்த எச்சரிக்கை மெய்யானது. 2025 செப்டம்பர் 18, தங்கம் வென்ற அதே டோக்கியோ அரங்கம். 83.65, 84.03, ஃபவுல், 82.86, ஃபவுல். ஐந்தாம் சுற்றோடு எட்டாமிடத்தில் வெளியேறினார். இலங்கையின் ருமேஷ் தரங்க பத்திரகே அவருக்கு ஓரிடம் முன்னே இருந்தார், தொண்ணூற்றொன்றை இருமுறை தாண்டியிருந்த வெபர் ஐந்தாமிடம், அர்ஷத் பத்தாமிடம். இரண்டு வாரம் முன்பு பயிற்சியில் முதுகில் காயம் பட்டிருந்ததாக நீரஜ் பின்னர் சொன்னார். ஜெலெஸ்னியைப் பயிற்சியாளராகக் கொண்ட முதல் பருவம் அது. அவரால்தான் 90.23 வந்தது என்றோ, அவரால்தான் 84.03 வந்தது என்றோ ஒரே பருவத்தை வைத்துக் காரணம் கட்டுவது வெறும் ஜோசியம். சொல்லக்கூடியது இவ்வளவே: உச்ச தூரம் உயர்ந்த அதே ஆண்டில் நிலைத்தன்மை உடைந்தது. நாடாவின் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த ஆண்டு, மேடையின் கணக்கில் 2021க்குப் பிந்தைய மிக மோசமான ஆண்டாயிற்று. ஆண்டுக்கணக்கில் ‘தொண்ணூறு எப்போது’ என்று கேட்டவர்கள் தவறான பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அவர் உண்டாக்கிய தாக்கத்தையும் தராசில் போட வேண்டும் என்பார்கள். மில்கா சிங் 1960இலும் பி.டி. உஷா 1984இலும் நான்காமிடத்தில் நின்ற நாட்டுக்கு, தடகளத்தில் முதல் ஒலிம்பிக் தங்கம் கொண்டுவந்தவர் என்பது வரலாறு. புடாபெஸ்ட் இறுதியில் முதல் ஆறு இடங்களில் மூன்று இந்தியர்கள் இருந்ததும், 2025 டோக்கியோவில் அவர் எட்டாமிடத்துக்குச் சரிந்தபோது சச்சின் யாதவ் 86.27 எறிந்து நான்காமிடம் பிடித்ததும் சாதாரண விஷயங்கள் அல்ல. ஆனாலும் இவை நாட்டுக்கு அவர் யார் என்பதைச் சொல்கின்றன, ஈட்டிக்கு அவர் யார் என்பதைச் சொல்வதில்லை. நார்வேக்காரருக்கும் செக்காரருக்கும் தராத சலுகையை நம்மவர் என்பதற்காகத் தருவது திறனாய்வு ஆகாது. இந்த எடைக்கல்லை வெளியே எடுத்து வைத்துவிட்டே தீர்ப்புச் சொல்ல விரும்புகிறேன்.

ஜெலெஸ்னியோடு ஒப்பிடுவது வீண் வேலை. மூன்று ஒலிம்பிக் தங்கம், மூன்று உலகப் பட்டம், இன்றும் முறியாத உலக சாதனை. தூரம், மேடை, காலம் மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கிய ஒரே ஆள் அவர். நீரஜுக்குச் சரியான அளவுகோல் தோர்கில்ட்சன். இவருடைய 90.23க்கு அவருடைய 91.59 ஏறத்தாழ நிகர். அவருக்கும் தூரத்தைவிட நாளறிந்து எறிவதே பலம். ஆனால் ஏதென்ஸில் வென்ற ஒலிம்பிக் தங்கத்தை பெய்ஜிங்கில் 90.57 எறிந்து தக்கவைத்தார் தோர்கில்ட்சன்; நீரஜ் பாரிஸில் தக்கவைக்கவில்லை. இருவருக்கும் இடையே உள்ள ஒரு படி அதுதான்.

ஆகவே 2025 வரையிலான கணக்கில் என் முடிவு இது. நீரஜ் சோப்ரா தம் தலைமுறையின் மிக வலிய எறிவீரர் அல்லர். 2021 முதல் 2024 வரையிலான நான்கு ஆண்டுகளில் மிகச் சிறந்த போட்டி வீரர் அவரே. அந்த நான்கு ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் வெட்டர், பீட்டர்ஸ், அர்ஷத், வெபர் யாருக்கும் அப்படியொரு பதிவு இல்லை. எக்காலத்துக்குமான வரிசையில் தோர்கில்ட்சனுக்கு ஒரு படி கீழே அவரை வைப்பேன். அந்தப் படியை ஏற அவருக்கு 92 மீட்டரோ 95 மீட்டரோ தேவையில்லை. எதிராளி முதல் இரண்டு சுற்றில் தொண்ணூறைத் தாண்டிப் போட்ட ஒரு பெரிய இறுதியில், மீதியுள்ள நான்கு எறிதலுக்குள் அவரை முந்திக் காட்ட வேண்டும். ஒரே ஒருமுறை போதும். அது நடக்காவிட்டாலும் இப்போதுள்ள இடம் அவரிடமிருந்து பறிபோகாது. நடந்துவிட்டால் இந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.